வளைந்ததும் வளையாததும்

வளைஞ்சிருக்கு, என்கிறான் ஆல்வின், சுகந்தி எழுதிக்கொள்கிறாள். வளைஞ்சிருக்கு, எழுதிக்கொள்கிறாள். வளையல, அவள் பேனா ஒரு கணம் நின்று, வருத்தப்பட்டு, அப்புறம் எழுதுகிறது. பேனா வருத்தப்படுமா என்றால் படும், பதினாறு வருடமாக அவளோடு குடித்தனம் நடத்துகிற எனக்கு அது தெரியும். அவளோடு இந்த லேபில் வேலை பார்க்கிற ஆல்வினுக்குத் தெரியுமா? தெரிந்திருக்கும் என்றுதான் தோன்றுகிறது, ஏனென்றால் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே “விடுங்க சுகந்தி, அடுத்தது வரும்” என்கிறான். மேடம் என்று சொல்ல மாட்டான். அக்கா என்றும் சொல்ல மாட்டான், அவளைவிட நாலு வயது சின்னவன். என்னை மட்டும் அண்ணே என்கிறான். சனிக்கிழமை மத்தியானம் இரண்டே கால், இந்தக் கட்டடத்தில் வாட்ச்மேனை விட்டால் நாங்கள் மூன்று பேர்தான், நான் வராமல் இருந்திருந்தால் இரண்டு பேர், அதற்காகத்தான் வந்தேன். சாப்பாடு மறந்துவிட்டுப் போய்விட்டாள் என்று கேரியரை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்தவன், சாப்பாட்டைக் கொடுத்த பிறகும் போகாமல் ஜன்னலோரத்து ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன். போங்க என்று அவள் சொல்லவில்லை. ஏன் இருக்கீங்க என்றும் கேட்கவில்லை. ஆல்வின் ஆள்காட்டி விரலால் கண்ணாடித் தட்டின் விளிம்பை ஒரு மயிரிழை நகர்த்துகிறான், நடுவிரல் அதற்குத் துணைக்குப் போகிறது, மோதிர விரலுக்கு வேலையே இல்லை, சும்மா மடங்கிக் கிடக்கிறது. சும்மா மடங்கிக் கிடப்பதற்கென்று ஒரு விரல். என்ன ஆடம்பரம். என் வலது கை பேன்ட் பைக்குள் இருக்கிறது, வெளியே கிளம்பினால் அது தானாகப் பைக்குள் போய்விடுகிறது, நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வேர்களைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும். ஒரு காலத்தில் தெரியும். கடுகுக் குடும்பத்துச் செடி, ஆனால் கடுகு அதற்கு அண்ணன் மாதிரி, இது அவ்வளவு பொடிசு, வேர் தலைமுடியை விட மெல்லிசு. தட்டில் கெட்டியான கூழ் ஊற்றி, ஒரு தட்டுக்கு எட்டு விதை போட்டு, முளைத்த அஞ்சாம் நாள் வேர் நுனியைக் கத்தியால் நறுக்கிவிடுவார்கள். மூன்று நாள் காத்திருப்பார்கள். மூன்றாம் நாள் காலையில் தட்டைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தால், நுனி திரும்ப வளர்ந்திருக்கிற வேருக்குக் கீழ் எது மேல் எது என்று தெரிந்துவிடும், மத்தியானத்துக்குள் மண்ணைத் தேடுகிற மாதிரி கீழ்நோக்கி வளைந்துகொள்ளும். நுனி இல்லாத வேருக்குத் திசை தெரியாது, மரக்கட்டை மாதிரி நீட்டிக்கொண்டு கிடக்கும். இதையெல்லாம் அவள் எனக்குத் தோசை ஊற்றிக்கொண்டே சொல்வாள். நான் சிவகாசியில் பிரஸ்ஸைப் பார்த்துக்கொண்டு வாரக் கடைசியில் மட்டும் மதுரைக்கு வந்துபோய்க்கொண்டிருந்த நாட்கள். வாரம் பூராவும் சேர்த்து வைத்திருப்பாள், நான் செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிடுவாள். “நுனிக்குள்ள கொஞ்சூண்டு செல்லு இருக்குங்க, ஸ்டெம் செல்லுன்னு பேரு. அதுங்க மட்டும் பெரிசாகவே ஆகாது, என்னவா ஆகணும்னு முடிவே பண்ணாது. அதுக்குப் பொறந்ததுங்கதான் தோலாகும், தண்ணிக் குழாயாகும், எல்லாம் ஆகும்.” அப்படியானால் அந்தச் செல்லையே நறுக்கிவிட்டால் வேர் அவ்வளவுதானே என்று நான் கேட்டேன். கரண்டியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். “அதாங்க கேள்வி! அவ்வளவுதான்னுதான் எல்லாரும் நெனைச்சாங்க. ஆனா வளருது. வெட்டுப்பட்ட எடத்துக்குப் பக்கத்துல ஒண்ணு, பாதி குழாயா ஆகிட்டிருந்தது, அந்த வேலையை அப்படியே விட்டுடுது. தான் யாருங்கறதை மறந்துடுது. விதைக்குள்ள இருந்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படி ஆகி, புது ஸ்டெம் செல்லைத் தானே உண்டாக்கிக்குது.” தோசை கருகிப்போயிற்று. கருகின தோசையை நானே தின்றேன், சந்தோஷமாகத் தின்றேன், இந்த உலகத்தில் இதை அவள் முதலில் சொல்கிற ஆள் நான் என்று.

இப்போது சொல்வதில்லை. பதினாலு மாதமாகிறது, வீட்டில் வேர் என்ற வார்த்தையை அவள் எடுத்ததில்லை. நான் கேட்டால், போகுதுங்க, என்பாள். அப்படியானால் யாரிடம் சொல்கிறாள்? சொல்லாமல் அவளால் இருக்க முடியாது. இதோ, இவனிடம் சொல்கிறாள். ராத்திரிச் சாப்பாடு முடிந்து போனில் பேசும்போது பால்கனிக் கதவைச் சாத்திக்கொள்கிறாள், சாத்தின கதவு வழியாகவும் சிரிப்பு கேட்கிறது. என்னிடம் சிரிப்பதில்லையா, சிரிக்கிறாள், ஆனால் அது ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறவரைப் பார்க்கப் போகும்போது எடுத்துப்போகிற சிரிப்பு. சட்டைப் பித்தானைப் போட்டுவிடும்போது, சோற்றைப் பிசைந்து வைக்கும்போது, என் இடது கை ஸ்பூனைத் தவறவிட்டு ரசம் அவள் புதுப் புடவையில் கொட்டியபோது. பரவால்லீங்க, என்றாள். புதுப் புடவை அது. முன்பென்றால் அவள் போடுகிற சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். தம்பி சிவகுரு பிரஸ்ஸை எடுத்து நடத்துகிறான், தப்பாகக் கணக்குப் போட்டு நான் ஒரு ஆர்டரைக் கெடுத்ததற்கு அவனும், பரவால்லண்ணே. என்னைச் சுற்றி எல்லாரும் பஞ்சு மாதிரி ஆகிவிட்டார்கள். இதோ இவன்கூட. “அண்ணே, ஃபேனைக் கூட்டி வைக்கட்டுமா?” வேண்டாம் என்று தலையாட்டுகிறேன்.

பொத்தான் இரண்டு. இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் கட்டிங் மிஷினில் கத்தி இறங்கும், கை உள்ளே போகக் கூடாது என்பதற்குத்தான் அந்த ஏற்பாடு. காலண்டர் சீசன், அவசரம், ஒரு பொத்தானை டேப் போட்டு ஒட்டியே வைத்திருந்தோம். வைத்திருந்தேன். அதை ஒட்டியது நான்தான், வேறு யாரையும் சொல்ல வழியில்லை. அட்டைக் கட்டைச் சரியாகத் தட்டி உள்ளே தள்ளியது வலது கை, பொத்தானை அழுத்தியது இடது கை. வலிக்கவே இல்லை. அதை யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். நானூறு அட்டையையும் மூன்று விரலையும் கத்தி ஒரே சத்தத்தில் வெட்டியது, அட்டைக்கென்று ஒரு சத்தமும் விரலுக்கென்று ஒரு சத்தமும் இருக்கக் கூடாதா என்று அப்புறம் வெகுநாள் நினைத்திருக்கிறேன். மதுரைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள், சுகந்தி ஓடி வந்தாள், கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள், அவள் கேட்ட முதல் கேள்வி: எந்த எடத்துல? எப்படி ஆச்சு என்று கேட்கவில்லை, வலிக்குதா என்று கேட்கவில்லை. எந்த எடத்துல வெட்டுச்சு. டாக்டர் சொன்னார், நடுக் கணுவுக்குக் கீழே என்று. அவள் முகத்தில் ஏதோ ஒன்று விளக்கை அணைத்த மாதிரி அணைந்தது. நான் பார்த்தேன். அப்புறம் அந்த டாக்டரே என்னைத் தேற்றுவதற்காக, சின்னக் குழந்தைகளுக்கு நகத்தோட வேர் மிச்சமிருந்தா விரல் நுனி திரும்ப வளர்றதுண்டு தெரியுமா, இயற்கை எவ்வளவு விசித்திரம் பாருங்க, என்றார். எனக்கு நாற்பத்தி நாலு வயது. நகத்தின் வேர் மிஷினுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. மூன்று மாதம் கழித்துக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நல்லா ஆறிடுச்சு, நல்லா மூடிக்கிச்சு, என்றார். மூடிக்கொள்வதுதான் என் சதைக்குத் தெரிந்த வைத்தியம். பத்து நாளில் அவசர அவசரமாகத் தோலை இழுத்துப் போர்த்திக்கொண்டு, இனி இங்கே ஒன்றும் இல்லை என்று கடையைச் சாத்திவிட்டது. அந்த எலும்பு, அந்த நரம்பு, எல்லாவற்றுக்கும் தாம் யார் என்று அவ்வளவு உறுதியாக ஞாபகம் இருக்கிறது. ஒன்றாவது மறந்திருக்கக் கூடாதா. ஒரே ஒரு செல், எலும்பாக இருப்பதை விட்டுவிட்டு, அம்மா வயிற்றில் எப்படி இருந்தோம் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கக் கூடாதா.

“அண்ணே, ஒரு தடவை பாக்குறீங்களா?” ஆல்வின் எழுந்து நின்று நாற்காலியைக் காட்டுகிறான். சுகந்தி சட்டென்று நிமிர்ந்து அவனைப் பார்க்கிறாள், கண்ணாலேயே வேண்டாம் என்கிறாள். நான் பார்த்துவிட்டேன். அதனாலேயே எழுந்து போகிறேன். இரண்டு கண்ணையும் வைத்ததும் முதலில் என் இமை மயிர்தான் தெரிகிறது, அப்புறம் வெளிச்சம், அப்புறம் அது. கண்ணாடியில் செய்த மாதிரி ஒரு தண்டு, அதற்குள் வரிசை வரிசையாகச் செங்கல் அடுக்கின மாதிரிச் செல்கள், ஓரிடத்தில் வரிசை கலைந்து ஒரு தழும்பு, தழும்புக்குக் கீழே, கடவுளே, புத்தம் புதுசாக, கூராக, முழுசாக ஒரு நுனி. லேசாகக் கீழே குனிந்திருக்கிறது. “நீல வரிசை, ஏழாவது தட்டு” என்கிறான் ஆல்வின் என் காதருகே. “சிவப்பு மார்க் போட்டது ரொம்பக் கீழ வெட்டினது, அது எப்படியும் வளர்ந்துடும். கறுப்பு ரொம்ப மேல, அது வளராது. இந்த நீலந்தான் நடு. ஸ்டெம் செல் மொத்தமும் போயிடுச்சு, ஒண்ணுகூட மிச்சமில்ல. அப்படியும் எட்டுல ஏழு வந்திருக்கு.” அவன் குரலில் பெருமை. அவன் வெட்டினது. இவ்வளவு நேர்த்தியாக வெட்ட இந்த லேபில் அவன் கைக்கு மிஞ்சின கையில்லை என்று முன்பொரு தடவை சுகந்தியே சொல்லியிருக்கிறாள். நடுக்கமே இல்லாத கை. நான் கண்ணை எடுக்காமல் அந்த நுனியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், என் வாய்க்குள் புளித்த தண்ணீர் ஊறுகிறது. ஒரு வேரைப் பார்த்து ஒரு ஆண்பிள்ளை வயிறெரிகிறான் என்று யாரிடம் சொல்ல? மூளை இல்லை, ரத்தம் இல்லை, பெண்டாட்டி இல்லை, மூன்றே நாள். இதைப் பார்த்துத்தான் அவள் தினமும் சாயங்காலம் அந்த முகத்தோடு வீட்டுக்கு வருகிறாள், கதவைத் திறந்து என்னைக் கண்டதும் மாற்றிக்கொள்கிற அந்த முகத்தோடு. “நல்லாருக்கு” என்று எழுந்துகொள்கிறேன். சுகந்தி நோட்டைப் பார்த்துக்கொண்டு, “மூணாவது தடவைங்க. ரெண்டு தடவை பூஞ்சை பிடிச்சுப் போச்சு” என்கிறாள். அவ்வளவுதான், அதற்கு மேல் எனக்குச் சொல்ல மாட்டாள்.

ஆல்வினின் போன் அடிக்கிறது. அவன் மாமியார் வருகிற ரயில் முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டதாம், ஜங்ஷனில் நிற்கிறார்களாம். கறுப்பு வரிசை இன்னும் எண்ணவில்லை, போய்விட்டு வருகிறேன் என்கிறான், வேண்டாம் நான் பார்த்துக்கிறேன் என்கிறாள் இவள், தட்டுகளைத் திரும்ப வைக்க வேண்டிய வளர்ப்பு அறைச் சாவி வாட்ச்மேனிடம் இருக்கிறது, வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று அவனோடேயே கிளம்புகிறாள். ரெண்டு நிமிஷங்க, என்கிறாள் என்னிடம். வராந்தாவில் இரண்டு ஜோடிச் செருப்புச் சத்தம். படியில் அவன் ஏதோ சொல்கிறான், தெளிவில்லை. ஜன்னலுக்குக் கீழே வேப்ப மர நிழலில் அவன் பைக். ரெண்டு நிமிஷம் ஆகிறது. அவன் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறான், அவள் கையைக் காற்றில் வளைத்து எதையோ காட்டுகிறாள், வேரைத்தான், வேர் வளைகிற விதத்தை. கரண்டியை நீட்டின அதே கை. மாமியார் காத்திருக்கிறாளே, போகக் கூடாதா? போக மாட்டான். அவள் சொல்லும்போது யார்தான் போவார்கள். அவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறாள், வாயை மூடிக்கொள்ளாமல், பல் தெரிய, நான் பதினாலு மாதமாகப் பார்க்காத சிரிப்பு. நான் ஜன்னலை விட்டுத் திரும்புகிறேன், மேஜையில் முப்பத்தாறு தட்டுகள், நீல வரிசை, ஒன்று இரண்டு மூன்று, ஏழு. தட்டைச் சுற்றி வெள்ளை டேப். இடது கையால் உரிக்கிறேன், டேப் உரிக்க இடது கை நன்றாகவே பழகிவிட்டது. மூடியைத் தூக்குகிறேன், ஈர மண் வாசனை வரும் என்று நினைத்தேன், ஒரு வாசனையும் இல்லை. எட்டுச் செடி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு இலை. வலது கை பையிலிருந்து வெளியே வருகிறது, அதுவும் தானாகத்தான் வருகிறது, மூன்று மொட்டைக் கணுவும் கூழில் இறங்குகின்றன. ஜில்லென்றிருக்கிறது. கணுவிலே இல்லை அந்த ஜில், அதற்குக் கீழே, விரல் இருந்த இடத்தில், இல்லாத நடுவிரலின் இல்லாத நுனியில். அங்கே குளிர்கிறது. இன்னும் கொஞ்சம் அழுத்துகிறேன். அந்த நுனிக்காகத்தான் அழுத்துகிறேன், செடியின் ஞாபகமே வரவில்லை, சத்தியமாக வரவில்லை, அந்தக் குளிர் போய்விடக் கூடாது என்று அழுத்துகிறேன். கையை எடுத்தபோது கூழ் பிளந்து கிடக்கிறது, செடிகள் நசுங்கி ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு, எது வளைந்தது எது வளையாதது என்று தெரியாமல்.

மூடி வைத்துவிடலாம். டேப்பை ஒட்டிவிடலாம். தவறி விழுந்துவிட்டது என்று சொல்லலாம், அவள் நம்புவாள், நம்பாவிட்டாலும் நம்பின மாதிரி இருப்பாள், பரவால்லீங்க என்பாள். அதுதான் முடியாது. அதை இன்னொரு தடவை என்னால் கேட்க முடியாது. படியில் ஒரு ஜோடிச் செருப்புச் சத்தம் மட்டும் ஏறி வருகிறது, சாவி குலுங்குகிறது, நான் திறந்த தட்டுக்கு முன்னால் கூழ் ஒட்டின கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கிறேன். அவள் வாசலில் நின்றுவிட்டாள். தட்டைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். “நான்தான் செஞ்சேன்” என்கிறேன். “கை தவறல. வேணும்னேதான்.” அவள் உதடு அந்த வார்த்தைக்காகப் பிரிகிறது, பரவா வரைக்கும் வருகிறது, எனக்குத் தெரியும், வருகிறது. வரவில்லை. நின்றுவிட்டது. அவள் முகம் சிவந்துகொண்டே போகிறது, கழுத்து நரம்பு எழுகிறது. “அறிவிருக்காங்க உங்களுக்கு?” ஜன்னல் கண்ணாடி அதிர்ந்த மாதிரி இருந்தது. “திங்கக்கிழமை படம் எடுக்க வச்சிருந்த தட்டு அது! பதினோரு வாரம்! பதினோரு வாரமா ஞாயித்துக்கிழமைகூடப் பாக்காம நான் நாயா அலைஞ்சிருக்கேன், நீங்க என்னமோ பச்சைப் புள்ள மாதிரி கையை விட்டு உழப்பி வச்சிருக்கீங்க!” நான் வாயைத் திறக்கிறேன். “பேசாதீங்க! எதுக்கு வந்தீங்க இன்னிக்கு? எனக்குத் தெரியாதுன்னா நெனைச்சீங்க? சோத்தை மறந்துட்டுப் போனேனாம், கொண்டுவந்தாராம். அவன்கூட நான் என்ன பேசுறேன்னு பாக்கணும் உங்களுக்கு. வேரைப் பத்திப் பேசுறேன். வேற எதைப் பத்தி எவன் என்கிட்டப் பேசுறான்? உங்ககிட்டப் பேச முடியுதா? வளர்ந்துச்சுன்னு எந்த வாயால உங்ககிட்ட வந்து சொல்லுவேன்? அந்தக் கையைப் பாத்துக்கிட்டு எப்படிச் சொல்லுவேன்? அன்னிக்கு ஆஸ்பத்திரியில நான் என்ன கேட்டேன் தெரியுமா? வேரைக் கேக்குற மாதிரி எந்த எடத்துலன்னு கேட்டேன். கேட்டதுலேருந்து என் நாக்கை அறுத்துப் போடலாம்னு இருக்கு எனக்கு!” அவள் அழவில்லை. மேஜையை ஓங்கி அறைகிறாள், தட்டுகளெல்லாம் ஒரு தடவை குதித்து உட்காருகின்றன. நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன், எனக்கு வெட்கமாக இருக்கிறது, செய்தது மகா கேவலம் என்று நன்றாகத் தெரிகிறது, அதற்கு அடியில், வெட்கத்துக்கும் அடியில், ஏதோ ஒன்று கதகதவென்று ஊறுகிறது. என்னைத் திட்டுகிறாள். வாய் நிறையத் திட்டுகிறாள். ஆல்வினை இப்படித் திட்ட மாட்டாள், அவன் பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி, அவனிடம் ஒரு அளவு உண்டு.

மூச்சு வாங்கி நின்றாள். ஏழாவது தட்டை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள், ஒரு செடியாவது தப்பியிருக்குமா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள், இல்லை, மூடி, குப்பைப் பையில் போட்டாள். “ஆல்வின்கிட்ட நீங்கதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்.” சொல்றேன், என்றேன். அவனிடம் சொன்னால், அவன் அந்த முழுக் கையை என் தோளில் வைத்துப் பரவால்லண்ணே என்பான், அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும், அவன் விரல்களை நான் இன்னும் வெறுக்கிறேன், நாளைக்கும் வெறுப்பேன் என்றுதான் தோன்றுகிறது. “கையைக் கழுவிட்டு வாங்க. இன்னும் பன்னெண்டு தட்டு இருக்கு. மணி மூணரை, நேரம் தப்பினா கறுப்பு வரிசையும் போச்சு.” கழுவிவிட்டு வருகிறேன். நோட்டையும் பேனாவையும் என் பக்கம் தள்ளுகிறாள், என்னை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை, மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு, “தட்டு ஒண்ணு. வளைஞ்சது பூஜ்யம். வளையாதது எட்டு” என்கிறாள். இடது கையில் பேனா வழுக்குகிறது, பூஜ்யம் ஒரு பக்கம் திறந்துகொள்கிறது, எட்டின் கீழ் வட்டம் கோட்டைத் தாண்டிப் போகிறது. “தட்டு ரெண்டு. பூஜ்யம், எட்டு. இது பக்கவாட்டுல ஒரு முண்டு விட்டிருக்கு, நுனி வராட்டா மேலேருந்து புதுசா ஒரு வேர் கிளம்பும், அது வேற கணக்கு, குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க, அதுல போடுங்க.” போடுகிறேன். குறிப்பு என்று எழுதவே எனக்கு அரை நிமிஷம் ஆகிறது. அவள் காத்திருக்கிறாள், அப்புறம் கண்ணை எடுத்து நோட்டை எட்டிப் பார்க்கிறாள், புருவம் சுருங்குகிறது.

“என்னங்க இது, ஆறா பூஜ்யமா?”

“பூஜ்யம்.”

“பூஜ்யம் மாதிரியா இருக்கு? அடிச்சுட்டு ஒழுங்கா எழுதுங்க.”

அடித்துவிட்டு எழுதுகிறேன்.